கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம்

ராமநாதபுரம் பக்கத்தில் விளக்கு வைத்த பிறகு பாம்பைப் பாம்பு என்று யாரும் சொல்வதில்லை. பூச்சி. "அண்ணே, மாமாவைப் பூச்சி கடிச்சிருச்சு" என்று ஒரு பையன் வாசலில் வந்து நின்றால் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை. சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு ஆட்கள் எழுந்துவிடுவார்கள். டார்ச் லைட் தேடுவார்கள், வண்டி தேடுவார்கள், இரண்டு தெரு தள்ளிப் பார்வை பார்க்கும் பெரியவர் வீட்டில் இருக்கிறாரா என்றும் ஒருவர் ஓடிப்போய்ப் பார்த்து வருவார். கடிபட்டவரின் சிறுநீரகம் பிழைக்குமா இல்லையா என்பது பெரும்பாலும் இந்தப் பரபரப்புக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது. அது யாருக்கும் தெரிவதில்லை.

கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் போனால் சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஆங்காங்கே கரிமூட்டம் புகைந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். தூரோடு வெட்டிய கட்டைகளை அடுக்கி, மேலே மண்ணைப் பூசி, நாள்கணக்கில் வேகவிடும் வேலை அது. கட்டையை எடுக்கக் கை நீளும் இடம்தான் சுருட்டை விரியன் சுருண்டு கிடக்கும் இடமும். ஒன்றரைச் சாண் நீளம் இருந்தாலே அது வளர்ந்த பாம்பு. மிளகாய்த் தோட்டத்தின் வரப்பிலும் வைக்கோல் படப்பின் அடியிலும் எலியைத் தேடி வருவது கண்ணாடி விரியன். அது குண்டாக, முதுகில் சங்கிலி கோத்ததுபோல வட்டங்களோடு, குக்கர் விசில் அடங்குகிற மாதிரி சீறும். மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்து விளையாடியவர்களும் உண்டு.

இந்த இரண்டின் விஷமும் முதலில் கைவைப்பது ரத்தத்தில். நமக்கு வெட்டுக்காயம் பட்டால் ரத்தம் தானாக உறைகிறது. அதற்குப் பின்னால் ஒன்றையொன்று தட்டி எழுப்பும் புரதங்களின் வரிசை ஒன்று இருக்கிறது. மருத்துவர்கள் அவற்றைக் காரணிகள் என்று எண் போட்டு அழைக்கிறார்கள். கண்ணாடி விரியனின் விஷம் வரிசையில் நின்று காத்திருப்பதில்லை, ஐந்தாம் காரணியையும் பத்தாம் காரணியையும் நேராகவே போய் உசுப்பிவிடுகிறது. உடம்பு முழுக்க ஓடும் ரத்தத்தில், எங்கும் காயமே இல்லாமல், பொடிப்பொடியாக உறைகட்டிகள் உருவாகின்றன. அப்படி உருவாகி உருவாகி உறைவதற்கு வேண்டிய சரக்கெல்லாம் தீர்ந்துபோகிறது. சில மணி நேரத்தில் அந்த ரத்தம் உறையவே முடியாத ரத்தமாகிவிடுகிறது. பல் ஈறில் கசியும். ஊசி குத்திய இடத்தில் நிற்காமல் வடியும். சிறுநீர் சிவக்கும்.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய பத்து லட்சம் சல்லடைகள். அவற்றின் நுண்குழாய்களில் அந்தப் பொடிக்கட்டிகள் போய் அடைக்கின்றன. ரத்த அழுத்தம் சரிந்து அங்கே போகும் ரத்தமும் குறைகிறது. விஷம் நேரடியாகவும் செல்களைத் தாக்குகிறது. போதாததற்கு, விஷத்தை எதிர்க்கக் கிளம்பும் உடம்பின் சொந்தப் படையே, மருத்துவர்கள் அழற்சி என்று சொல்வது, ரத்தக் குழாய்ச் சுவர்களைக் கசியவைத்து நிலைமையைக் கெடுக்கிறது. காலில் நாம் பார்ப்பது வீக்கம். அதே வீக்கத்தின் உறவுக்காரன் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான். மறுநாளோ அதற்கடுத்த நாளோ "ஒண்ணுக்கே வரலை" என்று நோயாளி சொல்லும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. அழற்சி, ரத்த உறைவு, சிறுநீரகம் என்று மூன்று தனித்தனிப் பாடங்களாக மருத்துவ மாணவர்கள் படிப்பதை இந்தப் பாம்பு ஒரே ராத்திரியில் சேர்த்து நடத்திவிடுகிறது.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பாம்புக்கடியோடு வந்த 1,180 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2008-ல் வெளியானது. அவர்களில் 159 பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்திருந்தது. ஏழெட்டுப் பேரில் ஒருவர். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு மதுரை 'பெரியாஸ்பத்திரி' என்பது புதிதல்ல. அந்தக் கணக்கில் நம் ஊர் ஆட்களும் இருந்திருப்பார்கள்.

கண்ணாடி விரியனுக்கு உலக மருத்துவத்தில் ஒரு விசித்திரமான மரியாதை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், சோழமண்டலக் கரையில் திரட்டிய பாம்புகளைப் பற்றி 1796-ல் பெரிய புத்தகம் போட்டார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயர்தான். 1934-ல் இங்கிலாந்தில் மெக்ஃபார்லேன் என்பவர் இந்த விஷத்தை வெகுவாக நீர்த்து, ரத்தம் நிற்காமல் ஒழுகும் ஹீமோஃபிலியா நோயாளிகளின் காயத்தில் தடவி ரத்தத்தை நிறுத்திக் காட்டினார். 1986-ல் பெருமாள் தியாகராஜனும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவிலிருந்து எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு, நீர்த்த கண்ணாடி விரியன் விஷம் உலகமெங்கும் பரிசோதனைக் கூடங்களில் நிரந்தர இடம் பிடித்தது. லூபஸ் போன்ற நோய்களில் ரத்தம் தேவையில்லாமல் உறையும் ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க அந்த விஷத்தை வைத்துச் செய்யும் சோதனை இன்றும் நடக்கிறது. சுருட்டை விரியனும் சளைத்ததல்ல. அதன் விஷத்தில் உள்ள ஒரு புரதத்தைப் பார்த்து வடிவமைத்த மருந்து, மாரடைப்பு வந்தவர்களுக்கு ரத்தத் தட்டுகள் ஒட்டாமலிருக்க ஏற்றப்படுகிறது. அந்தப் பாம்பை அறிவியல் உலகம் முதன்முதலில் பதிவுசெய்த இடம் நம்முடைய ஆரணி.

ஆக, ஹூஸ்டனிலோ லண்டனிலோ ஒரு நோயாளியின் ரத்தம் எப்படி உறைகிறது என்று அளக்க விரியன் விஷம் குளிர்பெட்டியில் தயாராக இருக்கிறது. அதே விரியன் கடித்தவருக்கு, அவர் ரத்தம் உறைகிறதா என்று பார்க்க நம் பக்கத்தில் வேண்டியது ஒரு கண்ணாடிக் குழாய். அதுவாவது இருக்கிறதா?

சோதனை இதுதான். கடிபட்டவரின் நரம்பிலிருந்து இரண்டு மில்லி ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட வேண்டும். இருபது நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் ஓரமாக வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் ரத்தம் உறைகிறது. தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் ஏறிவிட்டது, விஷமுறிவு மருந்தை உடனே தொடங்கலாம். லேப் வேண்டாம், கரண்ட் வேண்டாம். சுவர்க் கடிகாரம் போதும். ஆனால் குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும், புதிதாக இருக்க வேண்டும், காய்ந்திருக்க வேண்டும். ரத்தம் உறையத் தொடங்குவதற்கே கண்ணாடியின் பரப்பு துணை செய்கிறது. பிளாஸ்டிக் குழாயில் விட்டாலும், சோப்புத்தூள் போட்டுக் கழுவிய பழைய குழாயில் விட்டாலும் முடிவு தப்பாக வரும். வார்டு பரபரப்பில் எட்டு நிமிடத்தில் எடுத்து ஆட்டிப் பார்த்தாலும் அப்படியே.

இலங்கையில் கண்ணாடி விரியன் கடித்தவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்து 2013-ல் ஒரு ஆய்வு வந்தது. மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்கிறபடி செய்தபோது, விஷம் ஏறிய பலரை இந்தச் சோதனை தவறவிட்டது. அதனால் மருந்து ஏற்றுவதும் தாமதமானது. பிறகு அங்கேயே ஒழுங்காகப் பயிற்சி கொடுத்துக் கவனமாகச் செய்தபோது முடிவு எவ்வளவோ மேலாக இருந்தது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் நடந்த இந்த விஷயம் இந்தப் பக்கத்துக்கும் அப்படியே பொருந்தும். குழாய் எங்கிருந்து வருகிறது, யார் எடுத்து வைக்கிறார், யார் நேரம் பார்க்கிறார் என்பதை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமும் தனக்குள் பேசி முடிவுசெய்து சுவரில் எழுதி ஒட்டினால் போதும். அதற்கு அரசாணை தேவையில்லை. ராத்திரி டியூட்டியில் இருக்கும் நர்ஸ் ஒருவர் இருபது நிமிடத்துக்கு அந்தக் குழாய்ப் பக்கம் யாரையும் விடாமல் பார்த்துக்கொண்டால், எங்கோ ஒரு குடும்பம் பல ஆண்டு டயாலிசிஸிலிருந்து தப்பிக்கிறது.

மருந்து விஷயத்துக்கு வருவோம். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் சேர்த்துத் தயாராகிறது. அதற்கான விஷத்தின் பெரும்பகுதி மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. பிடித்த பாம்பைச் சில வாரம் மண்பானையில் வைத்திருந்து, நான்கு தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நாடு செய்த நல்ல காரியங்களில் ஒன்று. அந்த விஷம் கம்பெனிகளுக்குப் போய், கொஞ்சங்கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றப்பட்டு, குதிரையின் ரத்தத்திலிருந்து மருந்தாகிப் பொடியாகக் குப்பியில் அடைபட்டு நமக்கு வந்து சேர்கிறது.

குதிரையிலிருந்து வருவதால் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. உடம்பு தடிக்கும், மூச்சு இறுக்கும், பிரஷர் விழும். அட்ரினலின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்றினால் இதைச் சமாளிக்கலாம். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு, ஒரு நர்ஸ் மட்டும் துணையிருக்க, வெளியே நாற்பது பேர் நிற்க, இளம் டாக்டர் ஒருவர் பத்துக் குப்பியை ஏற்றத் துணிவாரா? ஏதாவது ஆகிவிட்டால் கண்ணாடி உடையும், சட்டைக் காலர் பிடிபடும், போலீஸ் வரும். துண்டுச்சீட்டில் 'மேல்சிகிச்சைக்கு' என்று எழுதி ஆம்புலன்சில் ஏற்றிவிட்டால் அவருக்கு அன்றைய இரவு நிம்மதி. நோயாளிக்கோ முதல் குப்பி இன்னும் இரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் இந்த மருந்து முறிக்கும். சிறுநீரகத்தில் ஏற்கெனவே நடந்துமுடிந்த சேதத்தை அது திருப்பாது.

இந்த இடத்தில் டாக்டரை மட்டும் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருடைய பயத்தில் பாதி நாம் கொடுத்தது. வெளியே நிற்கும் நாற்பது பேரும் நாம்தான். "இங்கேயே ஆரம்பிங்க டாக்டர், என்ன ஆனாலும் கூட நிக்கிறோம்" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னால் அந்த அறையின் காற்றே மாறும். மறுபக்கம், அட்ரினலினும் ஆக்சிஜனும், சிக்கலானால் போனில் கேட்க ஒரு மூத்த மருத்துவரும் அவருக்கு இருந்தாக வேண்டும். ராமநாதபுரத்தில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. மாவட்டத்தின் எந்த மூலையிலிருந்து எந்நேரம் கூப்பிட்டாலும் எடுக்கிற ஒரு விஷக்கடி எண்ணை அந்தக் கல்லூரி தன் கடமையாக எடுத்துக்கொள்ளலாம்.

முன்பு நிலைமை வேறு. பாம்பனில் சாலைப் பாலம் திறந்தது 1988-ல். அதுவரை ராமேஸ்வரம் தீவில் ராத்திரி விஷக்கடி என்றால் ரயிலைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் படகை. 2008-லிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அந்தக் காலத்துத் தூரம் இன்று இல்லை. ஆனாலும் தாமதம் ஆகிறது. இப்போதைய தாமதம் தெருமுனையில்தான் நடக்கிறது.

பாதித் தாமதம் கயிற்றிலும் பிளேடிலும் போகிறது. கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுவதால் விரியன் விஷம் நிற்பதில்லை, சதை அழுகுவதுதான் மிச்சம். கீறி ரத்தத்தை வெளியேற்றுகிறேன் என்று பிளேடு வைத்தால், உறையாத அந்த ரத்தம் பிறகு நிற்கவே நிற்காது. கைகால் முறிந்தவரைப் போல அசையாமல் கிடத்தி, பயப்படாதே என்று சொல்லி, வண்டியில் ஏற்றுவதுதான் முதலுதவி. பாம்பை அடித்துப் பையில் கொண்டுபோக வேண்டியதும் இல்லை. செத்த பாம்பின் தலையும் கடிக்கும்.

அடுத்தது மெடிக்கல் கடை. இதை யாரும் பேசுவதில்லை. வழியில் வண்டியை நிறுத்தி ஒரு டி.டி. ஊசியும் ஒரு வலி ஊசியும் போட்டுக்கொண்டு போவது நம் பக்கத்து வழக்கம். ரத்தம் உறையாத நிலையில் சதையில் போடும் எந்த ஊசியும் உள்ளே ரத்தம் கட்டவைக்கும். டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மருந்து வீக்கத்தையும் வலியையும் குறைக்கும்தான். ஆனால் அதுவே ரத்தக்கசிவைக் கூட்டி, ஏற்கெனவே தத்தளிக்கும் சிறுநீரகத்தைக் கீழே தள்ளிவிடும். கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் கொடுக்கிறார். மாவட்டத்தின் மருந்துக் கடைக்காரர்கள் சங்கம் கூடி, விஷக்கடிக்கு எங்கள் கடையில் ஊசி மாத்திரை கிடையாது, 108-ஐக் கூப்பிட மட்டும் செய்வோம் என்று முடிவெடுத்தால் எவ்வளவோ புண்ணியம்.

பார்வை பார்க்கும் பெரியவரோடு சண்டை போடுவதும் வீண். அவரிடம் போகிறவர் அவரை நம்பித்தான் போகிறார். "நான் பாடம் போடுறேன், நீ வண்டியிலே ஏறிக்கோ, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நானும் வர்றேன்" என்று அவரைச் சொல்லவைக்க முடியுமா என்று பாருங்கள். முடியும். அவருக்கும் ஊரில் நல்ல பேர்தான் வேண்டும்.

கரிமூட்ட முதலாளிகளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஆளுக்கு ஒரு ஜோடி கெட்டியான பூட்ஸ், கட்டையைப் புரட்ட ஒரு நீண்ட கம்பி, இருட்டின பிறகு ஒரு லைட். ஒரு லோடு கரியின் விலையில் இவை எல்லாம் அடங்கிவிடும்.

கடல் பக்கம் கதை கொஞ்சம் வேறு. ஒரு கடற்பாம்புக்குப் பழைய விலங்கியல் நூல்களில் வலகடியன் என்று ஒலிக்கும் அறிவியல் பெயர் இருந்தது. வலையைக் கடிப்பவன் என்று நம் கடற்கரைத் தமிழ் அதில் அப்படியே கேட்கிறது. மீனோடு மீனாக வலையில் ஏறி வரும். மீனைப் பிரிக்கும்போது விரலில் படும். பெரிதாக வலிக்காது, வீங்காது, முள் குத்தியதென்று விட்டுவிடுவார்கள். அதன் விஷம் போவது ரத்தத்தை உறையவைக்க அல்ல, தசையைக் கரைக்க. சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல வலிக்கும், வாய் திறக்க வராது, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் இறங்கும். கரைந்த தசையின் நிறம் அது. அதுவும் போய் அடைப்பது சிறுநீரகத்தைத்தான். இதற்கு விஷமுறிவு மருந்து ஆஸ்திரேலியாவில் தயாராகிறது. நம் நான்கு பாம்பு மருந்து இதற்குப் பயன்படாது. இவ்வளவு நீண்ட கடற்கரை வைத்திருக்கும் நாட்டில், கடற்பாம்புக்கென்று சில குப்பியாவது கடலோர மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இருக்க வேண்டும் என்று மீனவர் சங்கங்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் ஒரே குரலில் கேட்கலாம். டீசல் மானியத்துக்குக் கேட்கிற அதே குரல் போதும். அதுவரை, கறுத்த சிறுநீர் என்றால் கரை சேர்ந்ததும் நேரே ஆஸ்பத்திரி என்பதைப் படகுக்குப் படகு சொல்லிவைப்போம்.

பிழைத்து வீடு திரும்புவதோடு விஷயம் முடிவதில்லை. டயாலிசிஸ் நான்கைந்து தடவை செய்து, சிறுநீர் திரும்ப இறங்கி, டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவர் அடுத்த வாரமே வெட்டுக்கத்தியோடு காட்டுக்குள் நிற்கிறார். அவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் முழுதாகத் தேறுவதில்லை. மெதுவாக, சத்தமில்லாமல், வருடக்கணக்கில் தேய்ந்துகொண்டே போகும். சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகத் துறை தமிழ்நாட்டில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்து 2025-ல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரையோ பிரஷரோ போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை. வெயிலில் உழைப்பதன் மேல்தான் சந்தேகம் விழுகிறது. வெயிலில் ஏற்கெனவே நைந்த சிறுநீரகத்தின் மேல் விரியன் விஷமும் விழுந்தால் என்ன மிஞ்சும்? கடிபட்டுப் பிழைத்த ஒவ்வொருவருக்கும் முதல் மாதம், மூன்றாம் மாதம், ஓராண்டு முடிவில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பிரஷரும் பார்க்க வேண்டும். வீடு தேடிப் போகும் மருத்துவப் பணியாளர்கள் நமக்கு இருக்கிறார்கள், அவர்கள் நோட்டில் இன்னும் ஒரு பெயர் ஏற வேண்டும், அவ்வளவே.

பெயர் ஏறுவதற்கான வழியும் பிறந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் பாம்புக்கடியைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் இதனால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக 2020-ல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. 2024 மார்ச்சில் மத்திய அரசு, 2030-க்குள் அந்த மரணங்களைப் பாதியாக்கும் திட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, ஒவ்வொரு கடியையும் கணக்கில் சொல்லியாக வேண்டும். எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்த வேலையில் இருந்தவருக்குக் கடி என்று தெரிந்தால் மருந்தை எங்கே கூடுதலாக வைக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் பார்வை பார்க்கும் வீட்டுத் திண்ணையிலேயே முடிந்துபோகும் கடியை எந்தச் சட்டமும் எண்ண முடியாது. அதை ஊர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் ரோட்டையும் தண்ணீரையும் கேட்டு முடித்த பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்று எத்தனை குப்பி விஷமுறிவு மருந்து இருக்கிறது? புதிய கண்ணாடிக் குழாய் இருக்கிறதா? ராத்திரி இரண்டு மணிக்கு 108 வரத் தாமதமானால் யார் வீட்டு வண்டி? மூன்றாவது கேள்விக்குக் கூட்டத்திலேயே யாராவது கை தூக்கினால், அவர் பெயரையும் போன் நம்பரையும் ரேஷன் கடைச் சுவரில் எழுதிவையுங்கள்.